மண் இழப்பை அளந்து காட்டிய பருத்தி விவசாயி மகன்

ஐப்பசியில் ஒரு கனமழை கொட்டி ஓய்ந்ததும், காட்டு ஓடைகளில் தண்ணீர் செந்நிறமாக ஓடும். திருப்பூர், மண்ணரை, ஊத்துக்குளி, பல்லடம் பகுதி விவசாயிகள் இதைப் பார்த்துப் பழகியவர்கள். இது சாயத் தண்ணீர் அல்ல. நம் காட்டு மேல்மண் கரைந்து ஓடும் தண்ணீர். தொழுவுரம் போட்டு, ஆட்டுக்கிடை அடைத்து, பல தலைமுறையாகச் சேர்த்த மண் அது. ஒரு மழைக்கு எவ்வளவு மண் போகிறது என்று கேட்டால், நம்மில் பலரிடம் பதில் இருக்காது.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவிலும் இதே நிலைதான். மண் போவது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு போகிறது என்பது யாருக்கும் தெரியாது. அதை அளந்தால்தான் தடுக்க முடியும் என்று சொல்லி, அரசையும் விவசாயிகளையும் கேட்க வைத்தவர் ஹியூ ஹாமண்ட் பென்னட். மண் பாதுகாப்பின் தந்தை என்று வேளாண் உலகம் அவரைக் குறிப்பிடுகிறது. நம் நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் மண் இழப்பைக் கணக்கிடும் முறைக்கும், அவர் தொடங்கி வைத்த சோதனை வயல்களே வேர்.

பருத்திப் பண்ணையில் பிறப்பு

அமெரிக்காவின் தென்கிழக்கில் உள்ள வட கரோலினா மாநிலத்தில், ஆன்சன் மாவட்டத்து வேட்ஸ்பரோ ஊர் அருகே 1881 ஏப்ரல் 15ல் பென்னட் பிறந்தார். அவர் குடும்பத்துக்குச் சுமார் 1,200 ஏக்கர் பண்ணை இருந்தது. முக்கியப் பயிர் பருத்தி. மேடும் சரிவுமான செம்மண் பூமி அது.

சிறுவனாக இருந்தபோதே, சரிவான காட்டில் படிமட்ட வரப்பு போடும் வேலையில் அப்பாவுக்கு உதவியிருக்கிறார். எதற்காக இத்தனை பாடு என்று அவர் கேட்டதாகவும், நிலம் கரைந்து போகாமல் இருக்கத்தான் என்று அப்பா விளக்கியதாகவும் அவர் வாழ்க்கையைச் சொல்பவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

அப்பகுதியில் பல தலைமுறையாக ஆண்டுதோறும் பருத்தியே விதைத்தார்கள். களை இல்லாமல் கொத்திவிடும் பயிர் என்பதால், செடிக்குச் செடி இடையில் மண் வெறுமையாகக் கிடக்கும். மழைத்துளி நேராக மண்ணில் அடிக்கும். சில தலைமுறைகளில் மேல்மண் போய், கீழே இருந்த சிவந்த களி வெளியே வந்துவிட்டது. வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுத ஏழைக் குடும்பங்களுக்கு வரப்பு போட அவகாசமும் இல்லை; அடுத்த ஆண்டு அதே நிலம் தங்களிடம் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. நிலம் கெட்டால் விட்டுவிட்டு மேற்கே புது நிலம் தேடிப் போவதுதான் வழக்கமாக இருந்தது.

பென்னட் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நடுவில் பணம் போதாமல் 2 ஆண்டு படிப்பை நிறுத்தி, மருந்துக்கடையில் வேலை செய்தார். 1903ல் பட்டம் பெற்று, அதே ஆண்டு மத்திய வேளாண் துறையின் மண் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய், மண்ணைத் துளைத்துப் பார்த்து, மண் வகைகளை வரைபடத்தில் குறிப்பது வேலை. கையில் கம்பியும் நோட்டுமாகக் காடு காடாக நடந்த அந்த ஆண்டுகள்தான் அவருக்கு உண்மையான படிப்பு.

காடும் வயலும் சொன்ன பாடம்

1905ல் வர்ஜீனியா மாநிலத்தின் லூயிசா மாவட்டத்துக்கு அவரையும் மெக்லெண்டன் என்ற சக ஆய்வாளரையும் அனுப்பினார்கள். அங்கே நிலங்கள் விளைச்சல் குறைந்து ஏன் கெட்டுப்போயின என்று பார்க்க வேண்டும்.

ஒரு சரிவில் மரங்கள் அடர்ந்த காடு. அதை ஒட்டியே பல காலமாக உழுத வயல். இரண்டுக்கும் ஒரே சாய்வு, ஒரே பாறை, ஒரே மழை. மரக்காட்டில் துளைத்தால் பொலபொலவென்ற, ஈரம் பிடித்த ஆழமான மண் வந்தது. வயலில் துளைத்தால் இறுகிய களி. இரண்டும் வேறு வேறு மண் வகை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே மண்ணாக இருந்திருக்க வேண்டும் என்று இருவரும் புரிந்துகொண்டார்கள். வயலின் மேல்மண் முழுவதும் போய்விட்டது. அது போனதை யாரும் கவனிக்கவே இல்லை.

பெரிய பள்ளம் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். வயல் முழுவதும் தாள் தாளாக, படலம் படலமாக மண் உரிந்து போவது தெரியாது. ஒவ்வொரு மழைக்கும் ஒரு காகிதக் கனம் போனால், அடுத்த உழவில் அந்தத் தடமும் மறைந்துவிடும். விளைச்சல் குறையும்போது விதையையோ உரத்தையோ குறை சொல்வோம். இந்தப் படல அரிப்புதான் பெரிய எதிரி என்பது பென்னட்டின் மனதில் அன்று பதிந்தது. அதன் பிறகு 55 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அந்த எண்ணம் மாறவில்லை.

துறைக்குள்ளேயே எதிர்ப்பு

அப்போது மண் ஆய்வுப் பிரிவின் தலைவராக இருந்தவர் மில்டன் விட்னி. செல்வாக்குள்ள விஞ்ஞானி. 1909ல் அவருடைய பிரிவு வெளியிட்ட அறிக்கை, பயன்படுத்தித் தீர்க்கவே முடியாத அழியாத சொத்து மண் என்ற கருத்தை முன்வைத்தது. காடு தோறும் நடந்து வந்த பென்னட்டுக்கு இது ஏற்கவில்லை. மண் அழியாது என்று அரசே சொல்லிவிட்டால், வரப்பு போட யார் முன்வருவார்கள்?

வேலையை விட்டுவிடாமல், அவர் ஆதாரம் சேர்க்கத் தொடங்கினார். தென் மாநிலங்களின் மண் ஆய்வை மேற்பார்வையிடும் பொறுப்பு அவருக்கு வந்தது. பனாமா, அலாஸ்கா, மத்திய அமெரிக்கா, கியூபா என்று வெளியிலும் போய் மண்ணை ஆய்ந்தார். தென் மாநிலங்களின் மண்ணையும் வேளாண்மையையும் பற்றி 1921ல் ஒரு நூல் எழுதினார். பத்திரிகைகளில் மண் அரிப்பைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். இப்படியே 20 ஆண்டுக்கு மேல் ஓடியது. கேட்க ஆள் இல்லை.

1928ல் நிலைமை திரும்பியது. மேய்ச்சல் நில வல்லுநர் சாப்லைன் என்பவருடன் சேர்ந்து, மண் அரிப்பு நாட்டுக்கே ஆபத்து என்று எச்சரிக்கும் அரசு வெளியீட்டை பென்னட் எழுதினார். அமெரிக்க வயல்களிலிருந்தும் மேய்ச்சல் நிலங்களிலிருந்தும் ஆண்டுக்குக் குறைந்தது 150 கோடி டன் மண் அடித்துச் செல்லப்படுவதாக அதில் மதிப்பிட்டார். அந்த மண்ணோடு போகும் சத்து, பயிர்கள் நிகரமாக எடுத்துக்கொள்ளும் சத்தைப் போல 21 மடங்கு என்றும் கணக்குக் காட்டினார். பயிர் எடுக்கும் சத்துக்கு உரம் போடும் விவசாயி, ஓடை எடுக்கும் சத்தைக் கணக்கிலேயே வைக்கவில்லை என்பது இதன் பொருள்.

1 சென்ட் சோதனை வயல்

150 கோடி டன் என்பது மதிப்பீடுதான். வயலில் அளந்த கணக்கு அல்ல. அது போதாது என்பது பென்னட்டுக்குத் தெரியும். அளப்பதற்கு நிலையங்கள் வேண்டும் என்று கேட்டார். டெக்சஸ் மாநில நாடாளுமன்ற உறுப்பினர் புக்கானன் ஆதரவால், 1929ல் அதற்காக 1,60,000 டாலர் ஒதுக்கப்பட்டது. வெவ்வேறு மண், வெவ்வேறு மழை உள்ள 10 இடங்களில் சோதனை நிலையங்கள் வந்தன.

அளக்கும் முறை மிக எளிது. மிசூரி பல்கலைக்கழகத்தில் மில்லர் என்ற பேராசிரியர் 1917லேயே இதைத் தொடங்கியிருந்தார். சரிவில் ஒரு சிறு துண்டு நிலம். நான்கு பக்கமும் தடுப்பு. வெளித்தண்ணீர் உள்ளே வராது; உள்ளே பெய்த மழை கீழ்க்கோடியில் உள்ள தொட்டிக்கு மட்டுமே போகும். மழை நின்றதும் தொட்டியில் சேர்ந்த தண்ணீரையும் மண்ணையும் எடை போடுவார்கள். பக்கத்துத் துண்டில் வேறு பயிர், அதற்கடுத்ததில் புல், அடுத்தது வெறும் தரிசு.

நிலையங்களில் வழக்கமான துண்டின் நீளம் 72.6 அடி, அகலம் 6 அடி. பெருக்கிப் பாருங்கள்: 435.6 சதுர அடி. அதாவது சரியாக 1 சென்ட். ஏக்கருக்குக் கணக்குப் போட 100ஆல் பெருக்கினால் போதும் என்பதற்காகவே இந்த அளவு.

மிசூரியில் பல ஆண்டு அளந்ததில் கிடைத்த முடிவு திகைக்க வைத்தது. 100 அடிக்கு 4 அடிகூட இல்லாத மெல்லிய சரிவு அது. அங்கே ஆண்டுதோறும் மக்காச்சோளமே விதைத்தால் 7 அங்குல மேல்மண் சுமார் 50 ஆண்டில் தீர்ந்துவிடும். அதே மண்ணில் புல் வளர்ந்திருந்தால் அந்த 7 அங்குலம் போக 3,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மண் ஒன்று, மழை ஒன்று, சரிவும் ஒன்று. மேலே இருக்கும் போர்வை மட்டும் வேறு.

பென்னட் கூட்டங்களில் இதை எளிதாக விளக்குவாராம். மேசை மேல் தடித்த துண்டை விரித்து அதன்மேல் தண்ணீர் ஊற்றுவார், துண்டு உறிஞ்சிக்கொள்ளும். பிறகு துண்டை எடுத்துவிட்டு வெறும் மேசையில் ஊற்றுவார். தண்ணீர் எல்லாத் திசையிலும் ஓடிக் கீழே கொட்டும். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

புழுதி தலைநகருக்கு வந்தது

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளி நாடுகளில் கடும் வறட்சி. முதல் உலகப்போரின் போது கோதுமை விலை ஏறியதால், டிராக்டர் கொண்டு லட்சக்கணக்கான ஏக்கர் புல்வெளியைக் கிழித்து உழுதிருந்தார்கள். மழை பொய்த்ததும் பயிர் இல்லை. பிடித்து வைக்கப் புல் வேரும் இல்லை. காற்று மண்ணைத் தூக்கியது. ஆடிக்காற்றில் பல்லடம், தாராபுரம் பக்கம் உழுத காட்டில் புழுதி கிளம்புவதைப் பார்த்தவர்கள், அதைப் பல நூறு மைல் அகலத்துக்கு நினைத்துப் பார்க்கலாம். பகலிலேயே இருட்டியது. கால்நடைகள் மூச்சுத் திணறிச் செத்தன. குடும்பம் குடும்பமாக ஊரைக் காலி செய்தார்கள்.

1933 செப்டம்பரில், 50 லட்சம் டாலர் ஒதுக்கீட்டில் மண் அரிப்புக்கென்று தனி அமைப்பை அரசு தொடங்கி, பென்னட்டைத் தலைவராக்கியது. அப்போது அவருக்கு வயது 52. அவர் உத்தரவு போட்டு வேலை வாங்கவில்லை. ஓர் ஓடைக்குத் தண்ணீர் வரும் பகுதி முழுவதையும் ஒரே அலகாக எடுத்துக்கொண்டார். விஸ்கான்சின் மாநிலத்தின் கூன் ஓடைப் பகுதி முதல் மாதிரி. அங்கே நூற்றுக்கணக்கான விவசாயிகள் 5 ஆண்டு ஒப்பந்தத்தில் தாங்களாகச் சேர்ந்தார்கள். சரிவுக்குக் குறுக்கே வளைந்து வளைந்து பட்டை பட்டையாகப் பயிரும் தீவனப்புல்லும் மாற்றி மாற்றி விதைத்தார்கள். நாம் இன்று நீர்வடிப்பகுதித் திட்டம் என்று சொல்வதன் முன்னோடி இது.

1934ல் நாடு முழுவதும் மண் அரிப்பு எந்த அளவுக்கு இருக்கிறது என்று அவருடைய ஆட்கள் விரைவுக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். முன்பு பயிர் செய்த நிலத்தில் சுமார் 5 கோடி ஏக்கர் இனிப் பயிருக்கே உதவாது என்று தெரியவந்தது.

அதே ஆண்டு மே மாதம் எழுந்த புழுதிப்புயல் நியூயார்க், வாஷிங்டன் நகரங்களைத் தாண்டி, அட்லாண்டிக் கடலில் போன கப்பல்கள் மீதும் மண்ணைக் கொட்டியது. 1935 வசந்த காலத்தில், மண் பாதுகாப்பை நிரந்தர அரசுப் பணியாக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் இருந்தபோது மறுபடியும் புழுதி வந்தது. புயல் வரும் நேரத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டு, வானம் மங்கும் வரை பென்னட் தன் சாட்சியத்தை நீட்டினார் என்றொரு கதை உண்டு. கதையில் கொஞ்சம் மெருகு இருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே பறந்த புழுதி உறுப்பினர்களின் மனதை மாற்றியது என்பதில் ஐயமில்லை. 1935 ஏப்ரல் 27ல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. வேளாண் துறையில் மண் பாதுகாப்புப் பணி என்ற நிரந்தர அமைப்பு உருவாகி, பென்னட் அதன் முதல் தலைவரானார்.

பொறுப்பு விவசாயிகள் கையில்

சட்டம் வந்துவிட்டால் மண் நின்றுவிடாது. தலைநகரில் இருக்கும் அதிகாரி ஒவ்வொரு காட்டு வரப்பையும் பார்க்க முடியாது. பக்கத்துக் காட்டுக்காரர் ஒத்துழைக்காவிட்டால் ஒருவர் போட்ட வரப்பு ஒரே மழையில் உடையும். அதனால் அந்தந்தப் பகுதி விவசாயிகளே தேர்ந்தெடுத்து நடத்தும் மண் பாதுகாப்பு மாவட்டங்கள் வேண்டும் என்ற முறை வந்தது. அரசு ஆட்களையும் தொழில்நுட்பத்தையும் தரும். எந்த இடத்தில் என்ன வேலை என்பதை விவசாயிகள் முடிவு செய்வார்கள்.

1937ல் அப்படி முதலில் பதிவான பிரௌன் கிரீக் மாவட்டம், பென்னட் பிறந்த அதே ஆன்சன் மாவட்டத்தில் இருந்தது. சிறுவனாக அவர் வரப்பு போடப் பழகிய பூமி அது. இன்று அமெரிக்காவில் இதுபோல 3,000க்கு நெருக்கமான அமைப்புகள் இருக்கின்றன.

1939ல் மண் பாதுகாப்பு பற்றி அவர் எழுதிய பெரிய நூல் வெளியானது. தென் ஆப்பிரிக்கா, வெனிசுவேலா போன்ற நாடுகளுக்கும் போய் ஆலோசனை சொன்னார். 1951ல் பொறுப்பிலிருந்து விலகினார். 1960 ஜூலை 7ல் தன் 79வது வயதில் மறைந்தார். வாஷிங்டன் அருகே ஆர்லிங்டன் தேசிய கல்லறையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

5 காரணம், ஒரு பெருக்கல்

பென்னட் தொடங்கி வைத்த சோதனை வயல்களின் கணக்கு வீணாகவில்லை. 1954ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஒரு தகவல் மையம் அமைத்து எல்லாவற்றையும் திரட்டினார்கள். வால்டர் விஷ்மயர் என்ற புள்ளியியல் அறிஞரும் டுவைட் ஸ்மித் என்ற பொறியாளரும் அதிலிருந்து ஒரு சூத்திரத்தை உருவாக்கினார்கள். 1965ல் அது கையேடாக வந்தது. பென்னட் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. உலகப் பொது மண் இழப்புச் சமன்பாடு என்று இதைச் சொல்வார்கள்.

பெயர் பெரிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது விவசாயிக்குத் தெரிந்த 5 காரணங்கள்தான். முதலாவது, மழை எவ்வளவு வேகமாக அடிக்கிறது. இரண்டாவது, மண் எவ்வளவு எளிதில் கரையும். மூன்றாவது, சரிவின் நீளமும் சாய்வும். நான்காவது, மண்மேல் பயிர் அல்லது மூடாக்கு எவ்வளவு இருக்கிறது. ஐந்தாவது, குறுக்கு உழவு, வரப்பு போன்ற தடுப்பு வேலை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து எல்லாவற்றையும் பெருக்கினால், ஆண்டுக்குப் போகும் மண்ணின் சராசரி அளவு கிடைக்கும்.

பெருக்கல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஏதாவது ஒன்று பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் மொத்தமும் குறைந்துவிடும். மழையையும் மண் வகையையும் நாம் மாற்ற முடியாது. சரிவின் நீளத்தை வரப்பு போட்டுத் துண்டாக்கலாம். மூடாக்கும் தடுப்பு வேலையும் முழுக்க நம் கையில் இருக்கின்றன. வயலில் படலமாகவும் சிறு சால்களாகவும் போகும் மண்ணைத்தான் இந்தச் சூத்திரம் மதிப்பிடும். பெரும் பள்ளங்களையும் காற்று அரிப்பையும் இது கணக்கில் எடுக்காது. விரிவாக்க அலுவலர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

நம் நாட்டுக் கணக்கு

இந்தியாவில் 1954ல் டேராடூன், பெல்லாரி, உதகமண்டலம் உள்ளிட்ட இடங்களில் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையங்கள் தொடங்கின. உதகை நிலையம் நம் விவசாயிகளுக்குத் தூரத்து விஷயம் இல்லை. நீலகிரிச் சரிவில் கரையும் மண் பவானியிலும் மாயாற்றிலும் இறங்கி, பவானிசாகர் அணையில் படிகிறது. காங்கேயம் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனம் நம்பியிருப்பது அந்த அணையின் கொள்ளளவைத்தான்.

துருவநாராயணா, ராம்பாபு என்ற இரு விஞ்ஞானிகள் 1983ல் நாடு முழுவதற்கும் மண் இழப்பை மதிப்பிட்டார்கள். ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சராசரியாக 16.35 டன், மொத்தம் சுமார் 533 கோடி டன். அதில் 29 சதவீதம் கடலுக்குப் போகிறது. 10 சதவீதம் அணைகளில் படிகிறது. மீதி 61 சதவீதம் ஓரிடத்திலிருந்து பெயர்ந்து இன்னோரிடத்தில் தங்குகிறது.

நம் கணக்கில் சொன்னால், 16.35 டன் என்பது ஏக்கருக்குச் சுமார் 6.6 டன்; கிட்டத்தட்ட 2 யூனிட் மண். வரப்பில் நின்று கொண்டிருக்கும்போதே ஆண்டுக்கு 2 யூனிட் மண்ணை யாரோ ஏற்றிப் போனால் சும்மா விடுவோமா? கனத்தில் பார்த்தால் அது 1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம்தான் அதிகம். அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. இது நாட்டின் சராசரி. உங்கள் காட்டில் இதைவிடக் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்.

நம் காட்டில் அளக்கும் வழி

பென்னட்டின் வழியில் ஒவ்வொரு விவசாயியும் தன் காட்டில் எளிதாக அளந்து பார்க்கலாம்.

முதல் வழி, குழி. காட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் மூலையில் 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு குழி எடுங்கள். மழைக்காலத்தில் அது ஒருமுறை மண்ணால் நிறைந்தால் சுமார் 1 டன் மண் போயிருக்கிறது என்று பொருள். மெல்லிய வண்டல் குழியில் தங்காமல் தண்ணீரோடு போய்விடும். எனவே உண்மையான இழப்பு இதைவிட அதிகம்.

இரண்டாவது வழி, கம்பி. சரிவில் மேலே, நடுவே, கீழே என்று சில இடங்களில் 2 அடிக் கம்பியை அடித்து, மண்மட்டத்தில் பெயின்ட் குறி வையுங்கள். உழுத மண் முதல் மழையில் தானாகவே அமரும். அந்த மழைக்குப் பிறகு குறி வைப்பது சரி. பருவம் முடிந்ததும் குறிக்குக் கீழே எவ்வளவு கம்பி தெரிகிறது என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் ஏக்கருக்குச் சுமார் 5 டன். பல கம்பிகளின் சராசரியை எடுப்பது அவசியம்.

மூன்றாவது, கண்ணால் பார்ப்பது. வேலியோர மர வேர்கள் வெளியே தெரிகின்றனவா? சரளைக்கல் மேலே கூடிக்கொண்டே வருகிறதா? வரப்பின் மேல்பக்கம் மண் உயர்ந்து, கீழ்பக்கம் பள்ளமாகிறதா? இவை மூன்றும் படல அரிப்பின் அடையாளங்கள்.

திருப்பூர் வட்டாரத்துக்குத் தனிக் கவலையும் உண்டு. ஆட்கள் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதால் பல மானாவாரிக் காடுகளில் வரப்பு பார்க்க ஆள் இல்லை. மண்ணரை போன்ற ஊர்களில் காட்டை ஒட்டியே மனைகள் வந்துவிட்டன. புல்லைச் சுரண்டி மட்டம் செய்து வெறுமையாக விட்ட மனையும், உடைந்த வரப்போடு கிடக்கும் காடும் ஒரே ஓடைக்கு மண்ணை அனுப்புகின்றன. அந்த மண் குளத்தில் படிந்தால், தண்ணீர் நிற்கும் இடம் குறைகிறது. கிணறுகளுக்கு ஊற்றும் குறைகிறது.

தடுக்கும் வழி நம் முன்னோரிடமே இருக்கிறது. காங்கேயம், தாராபுரம் வட்டாரத்துக் கொறங்காட்டில் தரையில் கொழுக்கட்டைப்புல், மேலே வெள்வேல மரம், சுற்றிக் கிளுவை வேலி. மழைத்துளியை மரமும் புல்லும் தாங்கும். ஓடும் தண்ணீரை வேலியடி தடுக்கும். மிசூரியில் புல் துண்டு சொன்ன பாடத்தை இந்தக் காடு நெடுங்காலமாகக் காட்டி வருகிறது. உழ ஆள் இல்லாத நிலத்தை வெறுமையாக விடாமல் புல் விதைத்து ஆடு மாடு மேய விட்டால் மண்ணும் நிற்கும், வருமானமும் வரும்.

பயிர் செய்யும் காட்டில், டிராக்டர் ஓட்டுபவரிடம் சரிவுக்குக் குறுக்கே உழச் சொல்லுங்கள். மேலும் கீழுமாக உழுத ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால். காற்று காலத்துக்கு முன் ரோட்டாவேட்டர் போட்டு மண்ணை மாவாக்க வேண்டாம். சோளம், கம்பு அறுத்த தாளை ஒட்ட எடுக்காமல் கொஞ்சம் விடுங்கள். ஊடுபயிராகக் கொள்ளோ, தட்டைப்பயறோ தரையை மூடட்டும். வரப்பில் வெட்டிவேர் அல்லது கொழுக்கட்டைப்புல் வையுங்கள். அதிகத் தண்ணீர் போகும் இடத்தில் கல் கட்டிய போக்கி அமையுங்கள். சம உயர வரப்பு, பண்ணைக்குட்டைக்கு வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

குளத்து வண்டலை அனுமதி பெற்றுக் காட்டுக்குத் திரும்பக் கொண்டு வருவதும் நல்லதுதான். நொய்யலில் தண்ணீர் பெறும் குளங்களின் வண்டலில் சாயக்கழிவின் உப்பு இருக்க வாய்ப்பு உண்டு. முதலில் மண் பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவைப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

வட கரோலினாவின் பருத்திக் காடு, மண் போனது தெரிவதற்குள் களியாகிவிட்டது. பென்னட் சொன்னதை அவர் நாடு கேட்க 30 ஆண்டு ஆனது. அதற்குள் 5 கோடி ஏக்கர் போய்விட்டது. நமக்கு அளக்கும் வழி தெரியும், தடுக்கும் வழியும் தெரியும். இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் காட்டு மூலையில் ஒரு குழி வெட்டி வையுங்கள். தை மாதம் அதில் எவ்வளவு மண் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, எந்த வரப்பில் கை வைப்பது என்று முடிவு செய்யுங்கள்.